தலையணை மேஸ்திரி

அருப்புக்கோட்டையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்த்துவிடலாம். சொக்கலிங்கபுரத்தில் ஒருவர், பாளையம்பட்டியில் ஒருவர், திருச்சுழி ரோட்டில் ஒருவர் என்று ஆள் மாறுமே தவிர அச்சு ஒன்றுதான். வெள்ளை வேட்டி, கை வைத்த பனியன். நூற்பாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இரைச்சலுக்கு நடுவே நின்றவர் என்பதால், எதிரே உட்கார்ந்திருப்பவரிடமும் கத்தித்தான் பேசுவார். 58 வயதில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து மில்லில் வழியனுப்பியிருப்பார்கள். ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு அந்தக் கடிகாரம் இன்றைக்கும் அவரை எழுப்பி உட்கார வைத்துவிடும்.

எழுந்து என்ன செய்வது? முதல் வருஷம் மொட்டைமாடியில் மல்லிகைத் தொட்டி வைப்பார். குழாயில் தண்ணீர் வராத வாரத்தில் அது கருகும். அடுத்து, திருச்சுழிக்கு அந்தப் பக்கம் என்றோ வாங்கிப்போட்ட ஒன்றரை ஏக்கர் கரிசலில் குதிரைவாலி விதைப்பார். மழை கைவிடும், சீமைக்கருவேலம் மட்டும் கேட்காமலே விளையும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டு மூலையில் நிற்கிற கால் மிஷின் அவர் கண்ணில் படும். அது வீட்டம்மாவுடையது. தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த மிஷின். கல்யாணமான நாள் முதல் அதன் பக்கம் போகாதவர், இப்போது அதற்கு எண்ணெய் போடக் கிளம்புவார். அந்த வீட்டில் சங்கடம் ஆரம்பமாவது அந்த நாளில்தான்.

நான் அறிந்த மேஸ்திரிக்கு இது ஒரு வீடியோ காலில் ஆரம்பித்தது. சென்னையில் இருக்கிற பேத்தி புதிதாக வாங்கிய பாண்டாத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காட்டினாள்.

"எவ்வளவும்மா இது?" என்றார் மகளிடம்.

"ஆயிரத்து நூறுப்பா."

"உள்ள எத்தனை கிராம் பஞ்சு இருக்கு?"

மகளுக்குத் தெரியவில்லை. பஞ்சு என்ன எடை என்று கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிற ஒரு பிள்ளையை, இந்த ஊரில், அதுவும் நாம் வளர்த்துவிட்டோமே என்று அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. "லீவுக்கு வா தாயி, தாத்தா தச்சு வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் மில்லில் பயன்படுத்திய பழைய டைரியில் புதுப் பக்கம் திறந்தார். தலைப்பு: தலையணை. இலக்கு: மே முதல் வாரம்.

மிருகத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முதல் சறுக்கல். பாண்டா வெளியூர்ச் சரக்கு, நம் மாவட்டத்து ஜீவன்தான் வேண்டும் என்று சிப்பிப்பாறை நாயைப் பிடித்தார். மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரையே தாங்கிய நாய், பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் தலையணை ஆவதற்கு அறவே தகுதியில்லாத பிராணி ஒன்று உண்டென்றால் அதுதான். முயலை விரட்டுவதற்கென்றே அமைந்த உடம்பு. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும், கால் நான்கும் குச்சி. பஞ்சை அடைத்தால் நாயின் லட்சணம் போய்விடும், அடைக்காவிட்டால் தலையணையின் லட்சணம் போய்விடும். அவர் காகிதத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் காலை வரைந்தார். இரண்டு பக்கமும் தையலுக்கு விட்டது போக மிஞ்சியது அரை விரல். அதற்குள் பஞ்சு என்ன, ஊசிகூடப் போகாது.

தெருமுனையில் ஜாக்கெட் தைக்கிற அக்காவிடம் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது: "அண்ணாச்சி, புதுசா பழகுறவங்க பொறக்கும்போதே தலையணையாப் பொறந்த மிருகமா எடுக்கணும். படுத்திருக்க பூனை, மீனு, பன்னி, யானை. கால் கை எல்லாம் குட்டையா, மொத்தையா இருக்கணும்."

பன்றியைப் பேத்திக்கு எப்படிக் கொடுப்பது? யானை என்று முடிவாயிற்று.

அடுத்தது நூல். பீரோவில், மில் ஞாபகமாக, 60-ஆம் நம்பர் கோன் ஒன்று வைத்திருந்தார். 60-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் 60. அதாவது 50,400 கெஜம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போய்த் திரும்பினாலும் நூல் மிச்சம் இருக்கும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவார். அத்தனை பெருமை பெற்ற நூல் மிஷினில் ஒரு சாண்கூட ஓடவில்லை. தையல் நூல் என்பது இரண்டு மூன்று புரியைச் சேர்த்து முறுக்கியது. ஒற்றைப் புரி நூல் தறிக்குப் போகலாம். ஊசிக் காதுக்குள் விடாமல் ஏறி இறங்கி உரசுகிற வேலைக்கு அது தாங்காது. இது அவருக்குத் தெரியாததல்ல. தன் கையால் ஓட்டிய நூல் தனக்காக விதிவிலக்குக் கொடுக்கும் என்று நினைத்துவிட்டார். டைரியில் எழுதினார்: நூல் அறுப்பு 11. காரணம்: மிஷின் கோளாறு. ஆபரேட்டர் மீது தவறில்லை.

"மிதியைப் பின்பக்கமா மிதிச்சா அறுக்கத்தாங்க செய்யும்" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அது டைரியில் ஏறவில்லை.

துணிக்குச் செலவில்லை. வீட்டம்மாவின் பழைய சுங்குடிப் புடவை ஒன்று, அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது, கத்தரிக்குப் பலியானது. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "துவைச்சுத் துவைச்சு நெய்வு விட்டுப்போச்சு அண்ணாச்சி, பஞ்சு வெளியே வரும். உள்ளே காடாத் துணி கொடுத்துத் தைங்க" என்றார். நல்ல யோசனை. இந்த ஊரில் துணியைப் பற்றி யோசனை சொல்ல ஆள் கிடைக்காமல் போகாது. பாவு ஓட்டத் தெரிந்தவர், சாயம் போடத் தெரிந்தவர், கஞ்சி போடத் தெரிந்தவர் என்று வரிசையாக வந்து நிற்பார்கள். ஒரு யானை தைக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதுதான் வேடிக்கை. நூலை நூற்று, புடவையை நெய்து, வெளியூருக்கு லாரி ஏற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வதோடு ஊரின் வேலை முடிந்துவிடும்.

தைப்பது ஒருவழியாக நடந்தது. நல்ல பக்கம் இரண்டும் உள்ளே முகம் பார்க்கிற மாதிரி வைத்து, விளிம்பிலிருந்து அரை அங்குலம் விட்டு, சுற்றி ஓட்டவேண்டும். வயிற்றுப் பக்கம் கை நுழைகிற அளவுக்குத் தைக்காமல் விடவேண்டும். முதல் யானையைச் சுற்றிலும் மூடியே தைத்துவிட்டார். பிரித்துவிட்டு, இரண்டாம் முறை தைத்து, உள்புறத்தை வெளியே திருப்பினால் தும்பிக்கை திரும்ப மாட்டேன் என்றது. வளைவுகளில் எல்லாம் சுருக்கம். மறுபடியும் ஜாக்கெட் அக்காவிடம் ஓட்டம்.

"வளைவுல வெட்டு விட்டீங்களா?"

"எங்க வெட்டு?"

"தையலுக்கு வெளிய நிக்குதுல்ல துணி, அதுல விரலுக்கு விரல் சின்னதா ஒரு வெட்டு. தையலை மட்டும் தொட்டுறாதீங்க."

தைத்த துணியில் கத்தரி வைப்பதா! அறுந்த நூலை இணைப்பதற்கே ஆயுளைச் செலவழித்த மனிதர். நூறு ஸ்பிண்டிலுக்கு மணிக்கு எத்தனை அறுப்பு என்று கணக்குக் கொடுத்து, ஒன்று கூடினால் ஏச்சு வாங்கியவர். அவரிடம் போய், நல்ல வளைவு வேண்டுமென்றால் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால்? ஒரு பகல் முழுக்க யோசித்தார். சாயங்காலம், வீட்டம்மா கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினார். தும்பிக்கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை பஞ்சில்தான். அவர் பழைய சிநேகிதர் மூலம் கோம்பர் வேஸ்ட், அதாவது மில்லில் பருத்தியைச் சீவும்போது கழிகிற குட்டை இழை, ஒரு பை கொண்டுவந்து வைத்திருந்தார். வீட்டம்மா ஒரே சொல்லில் நிராகரித்தார்: "கட்டி தட்டும்." பருத்தி அமுங்கினால் அமுங்கியதுதான், துவைத்தால் இன்னும் மோசம். கடையில் ரெக்ரான் வாங்கலாம். ஆனால் அது பாலியஸ்டர், பருத்தி மேஸ்திரி வீட்டு வாசற்படி ஏறாது. மிஞ்சியது போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு. அதைச் சொன்னதும் மேஸ்திரி முகம் கடுத்தது. "நூலாகாத பஞ்செல்லாம் ஒரு பஞ்சா?"

அவர் சொல்வது உண்மைதான். இலவ இழை உள்ளே குழல், மேலே மெழுகுப் பூச்சு. ஒன்றையொன்று பற்றாமல் வழுக்கும், அதனால் அதைத் தனியாக முறுக்கி நூலாக்குவது பெரும்பாடு. ஆனால் எந்தக் குணத்தால் அது ஸ்பின்னிங் மில்லுக்கு ஆகாமல் போனதோ, அதே குணத்தால்தான் அமுக்கினால் எழும்புகிறது, தூக்கினால் எடையே தெரிவதில்லை. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைக்குள் அடைத்ததும் இதைத்தான். ஒட்டாத இழையைக் கழிவு என்று தள்ளிப் பழகியவர் கடைசியில் அரைக் கிலோ இலவம் பஞ்சு வாங்கினார். கடைக்காரர் கேட்காமலே, "எனக்கில்லை, வீட்டுல கேட்டாங்க" என்றார்.

அடைப்பதற்கும் ஒரு முறை உண்டு. தும்பிக்கை நுனி, கால் நுனி என்று கோடியிலிருந்து ஆரம்பித்து, சிட்டிகை சிட்டிகையாகக் கரண்டிக் காம்பால் தள்ளிக்கொண்டு வரவேண்டும். கழுத்தில் கொஞ்சம் கூடுதலாகவே அடைக்கவேண்டும், இல்லாவிட்டால் தலை தொங்கும். இவர் சட்டியில் மாவை அள்ளுகிற கணக்கில் வயிற்றில் இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டுத் தும்பிக்கையைத் தேடினார். சித்திரை வெயில். புழுக்கம் தாங்காமல் வீட்டம்மா அறைக்குள் வந்து, நடப்பது தெரியாமல் ஃபேன் சுவிட்சைத் தட்டினார். அந்த அறையில் பறந்த பஞ்சுத்தூசி மில்லில்கூடப் பறந்ததில்லை என்று பிறகு அவரே சொன்னார். பூஜையறைப் படங்களுக்கெல்லாம் அன்றைக்கு வெள்ளைத் தாடி.

கண் வைப்பதற்கு வெர்னியர் காலிப்பரை எடுத்தார். பொத்தான் வேண்டாம், குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் என்று கறுப்பு நூலால் பின்னியது புத்திசாலித்தனம். ஆனால் பஞ்சு அடைக்கும் முன்பே துணியைத் தட்டையாக விரித்து அளந்து பின்னிவிட்டார். அடைத்து உப்பியதும் ஒரு கண் சொக்கலிங்கபுரத்தையும் மறு கண் திருச்சுழியையும் பார்த்தது.

பெஞ்சில் காட்சிக்கு வைத்த அன்று தெருவே வந்தது. பால்காரர் பெருச்சாளி என்றார். தறிக்காரர் காண்டாமிருகம் என்றார். எதிர்வீட்டுப் பையன்தான் நியாயமாகக் கேட்டான்: "சிறுத்தைக்கு வால் ஏன் தாத்தா மூஞ்சியில இருக்கு?"

மேஸ்திரி அசரவில்லை. இந்த வகை மனிதர்கள் தோற்ற இடத்தில் சரித்திரத்தைத் துணைக்கு அழைப்பார்கள். மிஷின் ஓடாத இரவுகளில் போனில் படித்து வைத்திருந்தார். ஜெர்மனியில், கீங்கன் என்ற ஊரில், மார்கரெட் ஸ்டைஃப் என்று ஒரு தையற்காரம்மா. சின்ன வயதில் போலியோ கண்டு நடக்க முடியாமல் போனவர். வலது கை சரிவர இயங்காததால் மிஷினைத் திருப்பிப் போட்டு இடது கையால் சக்கரத்தைச் சுற்றியவர். 1879 டிசம்பரில் ஒரு பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து, குண்டூசி குத்தி வைக்கச் சின்னதாக யானை ஒன்று தைத்தார். வாங்கிப் போனவர்கள் வீட்டில் பிள்ளைகள் அதைக் குத்த விடாமல் விளையாடப் பிடுங்கிக்கொண்டார்கள். பஞ்சடைத்த பொம்மைக்குப் பேர்போன கம்பெனி ஒன்று பிறந்த கதை அது. "அதே 1879 டிசம்பர்ல, 30-ஆம் தேதி, நம்ம திருச்சுழியில சுந்தர மந்திரத்துல ரமணர் பிறக்கிறார். என்ன பொருத்தம் பார்த்தீங்களா!" என்று ரிட்டயர்டு சிநேகிதர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். என்ன பொருத்தம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஆனாலும் எல்லோரும் கும்பிடு போட்டார்கள். ரமணர் பெயர் இருக்கிறதே.

மே மாதம் பேத்தி வந்தாள். பையை இறக்குவதற்கு முன்பே அவர் யானையைக் கையில் கொடுத்துவிட்டு, சிகரெட் விட்டு வருஷக்கணக்கான மனிதர், சட்டைப் பையில் எதையோ தேடினார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குட்டைத் தும்பிக்கை, சிவப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி.

"ஐ, பேபி டேப்பிர்!"

"என்னது?"

"டேப்பிர் தாத்தா. எங்க புக்ல இருக்கு. மலேசியா காட்டுல இருக்கும். குட்டியா இருக்கும்போது இப்படித்தான் புள்ளி புள்ளியா இருக்கும்."

மகள் போனில் படத்தை எடுத்துக் காட்டினாள். மேஸ்திரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தையும் தலையணையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூக்கு சரி. புள்ளி சரி. வயிறு சரி. உள்ளே போய் டைரியை எடுத்து, யானை என்று இருந்த இடத்தை அடித்து, டேப்பிர் (குட்டி), தரம் ஓ.கே. என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சாயங்காலம் பால்காரர் வந்து, "என்ன அண்ணாச்சி, யானை பாப்பாவுக்குப் பிடிச்சதா?" என்றார்.

"யோவ், அதை யானைன்னு உமக்கு யார் சொன்னது?" என்றார் மேஸ்திரி, தெருவுக்கே கேட்கும்படி.