பக்கத்து வீட்டுக் கரண்ட்

கேள்வி: நெய்வேலியில்தான் மின்சாரம் பிறக்கிறது. ஆனால் 2012இல் சுற்றுப்பட்டுக் கிராமங்களெல்லாம் இருட்டில் கிடந்தன. இது என்ன நியாயம்? நான் ஒரு பல்பை அணைத்தால் நாடு திருந்திவிடுமா?
— வாசகர், நெய்வேலி

பதில்: வீராணம் ஏரிக்கரையில் வீடு கட்டியவர் குழாயில் தண்ணீர் தானாக வந்துவிடுமா? மின்சாரத்துக்கும் அக்கம்பக்கம் தெரியாது. அது மின்தொகுப்பில் கலந்து, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரி என்று பங்கு பிரிந்து போகிறது.

அந்த ஆண்டுகளில் தேவை ஏறியது. புதிய நிலையங்கள் தாமதமாயின. காற்று சீசன் முடிந்ததும் காற்றாலைகள் ஓய்ந்தன. வெளியூர் மின்சாரத்தை வாங்கிவரவும் கம்பித்தடம் போதவில்லை. தென்னக மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்ததே 2013 டிசம்பர் 31இல்தான். சென்னையைவிடக் கிராமங்களே அதிக நேரம் இருட்டில் இருந்தன. அது அநியாயம்தான், சந்தேகமே வேண்டாம்.

இனி உங்கள் பல்புக்கு வருவோம். ஒரு கோடி வீடுகள் ஆளுக்கொரு 60 வாட் குண்டு பல்பை அணைத்தால் 600 மெகாவாட் மிச்சம். 2020இல் மூடப்பட்ட நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தின் மொத்தத் திறனே அவ்வளவாகத்தான் இருந்தது! ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. அதைத் தோண்ட நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைக்கவும் வேண்டும். நீங்கள் மிச்சம் பிடிக்கும் யூனிட்டுக்கு இந்தச் செலவுகளும் இல்லை, வழியில் கம்பி விழுங்கும் இழப்பும் இல்லை.

தேவை உச்சத்தில் இருப்பது மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரை. கிரைண்டரையும் தண்ணீர் மோட்டாரையும் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நண்பகலிலேயே ஓட்டிவிடுங்கள். அடுத்த மின்விசிறி வாங்கும்போது 75 வாட்டை விட்டு, 30 வாட்டில் சுற்றும் பிஎல்டிசி விசிறியைக் கேளுங்கள்.