பெரட்டுக்கு வராத கம்ப்யூட்டர்

அப்பா கேட்டது பெரிய விஷயமே இல்லை. முன் அறைக் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய பாட்டு, கொல்லையில் ரம்புத்தான் மரத்தடியில் அவர் சாய்ந்திருக்கும் நாற்காலிக்கு வரவேண்டும். வயர் கூடாது, கோழி கொத்தும். நெட்டும் கூடாது, லைன் நினைத்தால் வரும், நினைத்தால் போகும், அதோடு பாட்டும் போகக்கூடாது. "நிலாவுக்கு ஆள் அனுப்பிட்டான், கொல்லைக்குப் பாட்டு அனுப்ப முடியாதாலா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார். பொறுப்பு என் தலையில்.

பகாவ் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு வெகு காலமாகிறது. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் போய்விட்டோம். லயத்தில் மிச்சமிருப்பவர்களுக்குக் கையில் நேரம் நிறைய. அப்பா ஆயுசு முழுக்கச் சேர்த்த கேசட்டுகளை அண்ணன் மகன் ஒரு பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்திருந்தான். அதையெல்லாம் ஹேண்ட்போனில் காப்பி பண்ணிக் கொடுத்தால் முடிந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அப்பாவிடம் இருப்பது அம்மா கழித்துப்போட்ட ஹேண்ட்போன். சிம் கிடையாது. உள்ளே இடமும் கிடையாது. பேரப்பிள்ளைகளின் படங்களும், யார் யாரோ அனுப்பிய காலை வணக்க ரோஜாப்பூக்களும் நிறைந்து கிடக்கின்றன. ரோஜாவில் ஒன்றை அழித்தாலும் அனுப்பியவர்களுக்கு ஆகாது என்பது அம்மாவின் நம்பிக்கை. ஆக, பாட்டு கம்ப்யூட்டரிலேயே இருக்கவேண்டும், சத்தம் மட்டும் காற்றில் வந்து ஹேண்ட்போனில் இறங்கவேண்டும்.

இதற்கு நெட் வேண்டாம் என்பதை முதலில் வீட்டில் நம்பவைக்க வேண்டியிருந்தது. வைஃபை பெட்டியில் விளக்கு எரிந்தால் போதும். கம்ப்யூட்டரும் ஹேண்ட்போனும் அதன் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். வெளியே கம்பத்தில் லைன் அறுந்து கிடந்தாலும் இவர்களுக்குக் கவலையில்லை. "அப்ப மாசாமாசம் எதுக்குக் காசு கட்டுறோம்?" என்றார் அம்மா. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு சங்கமே இருந்தது. சோனி, இன்டெல், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட பெரிய பெரிய கம்பெனிகள் 2003-இல் கூடி, எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரும் எந்தக் கம்பெனியின் டிவியோடும் பாட்டுப் பெட்டியோடும் ஒத்துப்போக வேண்டும் என்று விதி எழுதின. டிஎல்என்ஏ என்று பெயர். 2017-இல் சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். வேலை முடிந்துவிட்டதாம். முடிந்த வேலையின் லட்சணத்தைப் பார்க்க அவர்களில் ஒருவராவது எங்கள் லயத்துக்கு வந்திருக்கலாம்.

ஹேண்ட்போனில் விஎல்சி என்ற பிளேயரைப் போட்டேன். அதற்குக் காசில்லை, விளம்பரமும் இல்லை. அது பிறந்த கதையை அப்பாவிடம் சொன்னேன். பாரிசுக்குப் பக்கத்தில் எகோல் சென்ட்ரல் என்றொரு பொறியியல் கல்லூரி. அங்கே விடுதிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் விளையாட வேகமான நெட்வொர்க் வேண்டும். விளையாட என்று கேட்டால் எவன் பணம் தருவான்? நெட்வொர்க் வழியாக வீடியோ அனுப்பும் திட்டம் என்று சொல்லி 1996-இல் ஆரம்பித்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் இது. அப்பாவுக்குக் கதை பிடித்துப்போனது. "படிக்கப் போன புள்ளைங்க" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கம்ப்யூட்டரில் விண்டோஸ் மீடியா பிளேயரைத் திறந்து, ஸ்ட்ரீமிங் மெனுவுக்குள் போய், பாட்டுகளை வீட்டுக்குள் பகிரலாம் என்று அனுமதி கொடுத்தேன். ஹேண்ட்போனை எடுத்து விஎல்சியில் உள்ளூர் நெட்வொர்க் என்ற இடத்தைத் தட்டினேன். வெறுமை. பத்தடி தூரத்தில் ஆனை மாதிரி கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் யாருமே இல்லை என்கிறது ஹேண்ட்போன்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது சுலபம். விடியக்காலையில் பெரட்டுக் களம். இருட்டில் எல்லாரும் நிற்க, கங்காணி பேர் கூப்பிடுவார். இருப்பவன் குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. நெட்வொர்க்கில் 239.255.255.250 என்றொரு முகவரி உண்டு. அங்கே எவரும் குடியிருக்கவில்லை. அதுதான் பெரட்டுக் களம். ஹேண்ட்போன் அந்த முகவரிக்கு, 1900-ஆம் எண் வாசலில் நின்று, "பாட்டு வைத்திருப்பவர் யார்?" என்று கூவும். வைத்திருக்கும் பெட்டி ஆஜர் சொல்லும். அந்த ஆஜர் வழக்கமாக அரை மணி நேரத்துக்குச் செல்லும். அதற்குள் மறுபடி "இருக்கிறேன்" என்று சொல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். கிளம்பும் பெட்டி "பைபை" சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். நான் கேலிக்குச் சொல்லவில்லை, அந்தச் செய்திக்கு விதிப்புத்தகத்தில் பெயரே அதுதான். கரண்ட் போனால் மட்டும் பைபை சொல்ல நேரமிருக்காது. அப்படிப் போன பெட்டியின் பேர் கொஞ்ச நேரம் பட்டியலில் நிற்கும், தட்டினால் பதில் வராது.

எங்கள் கம்ப்யூட்டர் ஆஜர் சொல்லாததற்குக் காரணம் அதன் காதை விண்டோஸ் பொத்தி வைத்திருந்தது. வைஃபையில் முதல்முதலாகச் சேரும்போது, இது பொது நெட்வொர்க்கா, சொந்த வீட்டு நெட்வொர்க்கா என்று கேட்கும். பொது என்றால் அந்நியர் நடமாடும் இடம், யார் கூவினாலும் வாய் திறக்காதே என்று ஃபயர்வால் கம்ப்யூட்டரை அடக்கிவிடும். வைஃபை மாட்ட வந்த தம்பி பொது என்று அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, பார்த்ததைத்தான் அழுத்தியிருக்கிறார். எங்கள் வைஃபை கடவுச்சொல் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீசில் அச்சடிக்காததுதான் பாக்கி. நான் அதை வீட்டு நெட்வொர்க் என்று மாற்றினேன். கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது.

அப்பா ஹேண்ட்போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். குசினி தாண்டியதும் பாட்டு விக்கியது. மரத்தடியில் நின்றேவிட்டது. குசினியின் பின்பக்கம் முழுக்கத் தகரம். வைஃபை அலைக்குச் செங்கல் சுவர் ஒரு தொந்தரவு, தகரம் ஒரு தீர்ப்பு. எங்கள் பழைய வைஃபை பெட்டியின் அட்டையில் நொடிக்கு 54 மெகாபிட் என்று போட்டிருக்கிறது. ஒரு எம்பி3 பாட்டுக்கு 128 கிலோபிட் போதும். கணக்குப்படி ஒரே நேரத்தில் நானூறு பாட்டு ஓடவேண்டும். சீர்காழியின் குரல் ஒன்றுக்கு வழியில்லை. பெட்டியைக் கொல்லைப்புற ஜன்னலுக்கு மாற்றவேண்டும். அந்த ஜன்னலை ஒட்டித்தான் சாமி மேடை. "அதுல வர்றதெல்லாம் சாமிப் பாட்டா?" என்றார் அம்மா. முதல் பாட்டு எப்போதும் பக்திப் பாட்டாகவே இருக்கும் என்று அப்பா வாக்குக் கொடுத்த பிறகு இடம் கிடைத்தது.

பாட்டு ஓடியது. அப்பா பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டில் யார் பாடியது, என்ன படம் என்ற விவரம் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. ஆகவே எல்லாப் பாட்டுக்கும் நேராக 'அறியப்படாத கலைஞர்' என்று இருந்தது. அப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"யாருடா இந்த ஆளு? டி.எம்.எஸ். குரல்லயும் பாடுறான், சுசீலா குரல்லயும் பாடுறான்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். தோட்டத்துக்காரனுக்கு ஒரு பெட்டியிலிருந்து பாட்டைப் பல இடத்துக்கு அனுப்புவது புதிதில்லை. மலாயாவின் அவசரகாலத்தில், 1948-இலிருந்து 1960 வரை, கம்யூனிஸ்டுகளின் பேச்சை மக்கள் கேட்டுவிடக்கூடாது என்று அரசாங்கமே தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவில் ரேடியோப் பெட்டிகளை வைத்தது. செய்தி அரசாங்கத்துக்காக, பாட்டு ஜனங்களுக்காக. செய்தியில் என்ன சொன்னார்கள் என்பது தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. பாட்டு எல்லாம் தெரியும். பிறகு தோட்டத்து ஜெனரேட்டர் சாயங்காலம் கரண்ட் விடும் காலம் வந்தது. ஒரு வீட்டில் ரேடியோ வைத்தால் அந்த லயம் முழுக்கக் கேட்கும், சுவர் அவ்வளவுதான் உயரம். ரேடியோவில் வந்த தமிழ் நிலையம், மின்னல் எஃப்எம் என்று பெயர் மாறுவதற்கு முன்பு, வானொலி 6. அதன் நேயர் விருப்பத்துக்கு ஒரு அஞ்சலட்டையில் லயத்தின் பாதிப் பேரை நெருக்கி எழுதிப் போடுவார்கள். பாட்டைவிடத் தன் பேர் வருகிறதா என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம். இப்படி இருந்த இடத்தில் ஒரு மனிதர் தனியாக மரத்தடியில் உட்கார்ந்து, தான் மட்டும் பாட்டுக் கேட்கத் திட்டம் போட்டதே எனக்கு ஆரம்பத்திலிருந்து சரியாகப் படவில்லை.

அது நடக்கவும் இல்லை. டிஎல்என்ஏ சங்கத்தார் எழுதிய விதியில், பாட்டை இழுத்துக் கேட்பதோடு நிற்காமல், வேறொரு பெட்டியில் போய்ப் பாடு என்று தள்ளிவிடவும் வழி உண்டு. கம்ப்யூட்டரில் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் பக்கத்தில் ஆஜர் சொன்ன டிவிகளின் பட்டியல் வரும். ஒருநாள் அப்பா அதை அழுத்தியிருக்கிறார். லயத்தில் பாதி வீடு எங்கள் வைஃபையில்தானே இருக்கிறது. பட்டியலில் வந்தது பக்கத்து வீட்டு அத்தையின் டிவி. அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் மருமகளை நோக்கி நடந்துவரும் நேரம். திரையில் ஏதோ கேள்வி வந்தது: அனுமதிக்கவா, மறுக்கவா? டிவி கேட்கும் எந்தக் கேள்விக்கும் அத்தை முதல் பட்டனைத்தான் அழுத்துவார். மாமியார் மறைந்தார், டி.எம்.எஸ். உரக்க எழுந்தார்.

அன்றைக்கே சண்டை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாட்டு முடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை, "அண்ணே, அடுத்தது சுசீலா பாட்டு இருந்தாப் போடுங்க" என்று சத்தம் கொடுத்திருக்கிறார். மறுவாரம் நான் கோலப்பிலா வழியாக வந்து சேர்ந்தபோது அப்பா மரத்தடியை விட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் குடியேறியிருந்தார். பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகம். எந்த வீட்டுக்கு எந்தப் பாட்டு என்று எழுதியிருந்தது. கடைசி வீட்டுத் தாத்தாவுடையது டிஎல்என்ஏ தெரியாத பழைய டிவி; அவருக்காக அத்தை வீட்டில் சத்தத்தைக் கூட்டி வைக்க ஏற்பாடு.

இப்போது எனக்குச் சிரம்பானில் வேலை நேரத்தில் போன் வருகிறது. கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது, எழுப்புவது எப்படி என்று அப்பா கேட்பார். தூங்காமல் இருக்க அமைப்பை மாற்றிக் கொடுத்ததும் கரண்ட் பில் பற்றி அம்மா கேட்டார். போன வாரம் அத்தையே கூப்பிட்டார்.

"பசியாறிட்டியா தம்பி? ஒண்ணும் இல்ல. உங்க அப்பா எட்டு மணிக்கும் பாட்டு அனுப்புறாரு. சீரியல் பாக்க முடியல."

"டிவியில மறுக்கவான்னு கேக்கும் அத்தை. ரெண்டாவது பட்டன். அதை அழுத்துங்க, வராது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அண்ணன் ஆசையா அனுப்புறத வேணாம்னு நான் எப்படிப்பா அழுத்துறது? வேற பட்டன் எதுவும் இருந்தா சொல்லு."