தனிக்குடித்தனம் போன பெருக்கி

வீட்டுத் திரையரங்கு என்று நாமகரணம் செய்யப்பட்டு, கூடத்தின் ஒரு சுவரை முழுவதும் அடைத்துக்கொண்டு நிற்கும் யந்திர சமூகத்தில், ரிசீவர் எனப்படும் கரிய பெட்டி இருக்கும்போதே பவர் ஆம்ப்ளிஃபயரைத் தனியே வாங்கிச் சேர்ப்பது உசிதமா, அநுசிதமா என்னும் பிரச்னை, திருவனந்தபுரம் கோட்டையை அடுத்த ஸ்ரீவராகத்தில், ஒரே சுவரை இரண்டு இல்லங்கள் பங்கிட்டுக்கொள்ளும் எங்கள் தெருவில், சென்ற ஐப்பசி மழையோடு எழுந்தது. தர்ம சாஸ்திரங்கள் இது பற்றி மௌனம் சாதிப்பதால், ஆராயும் பாரம் என் தலையில் விழுந்தது.

பெருக்குதல் இன்னதென்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய நவராத்திரி மண்டபத்தின் விதானத்தில் கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகள், கைதட்டலுக்கு இடமில்லாத அந்தச் சபையில் வித்வானின் குரலைச் செம்மை செய்கின்றன என்பார்கள்; ஆனால் பானை தன் கையிலிருந்து ஒரு காசும் போடுவதில்லை, இருப்பதைப் பங்கிடுவதோடு சரி. ஆம்ப்ளிஃபயரோ, 1906ல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்முனைக் குழாயை அமைத்த நாளிலிருந்து, மெலிந்த சமிக்ஞை ஒன்றின் முகஜாடையைப் பார்த்து, அதே ஜாடையில் பருத்த ஒன்றை மின்வாரியத்தின் முதலைக்கொண்டு செய்து தருகிறது. பெருக்குவதாவது, கடன் வாங்கித் தடபுடல் செய்வது.

ரிசீவர் ஒரு கூட்டுக்குடும்பம். ஒலிபெருக்கிகளாகிய ஏழு பிள்ளைகள், ஒரே அடுப்பு. ஆளுக்கு 100 வாட் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பொய்யன்று. ஆனால் அந்த அளவு பெரும்பாலும் இரண்டு பிள்ளைகள் மட்டும் இலை முன் உட்கார்ந்திருந்த சமயத்தில் எடுக்கப்பட்டது. திரையில் புயலடித்து, ஏழு பேரும் ஏககாலத்தில் சோற்றுக்குக் கை நீட்டும்போது, ஒற்றை டிரான்ஸ்ஃபார்மராகிய தாய் என்ன செய்வாள்? கரண்டி சிறுக்கும். இந்தச் சங்கடத்தை முன்கூட்டி அறிந்த உற்பத்தியாளர்கள், சற்று விலை கூடிய ரிசீவர்களின் பின்புறத்தில் பிரீ அவுட் என்ற துளைகளை வைத்திருக்கிறார்கள். மூத்தவர்கள் தனிக்குடித்தனம் போவதற்கான கொல்லைப்புற வாசல் அது.

இவ்விஷயத்தில் மூன்று மதங்கள் உண்டு. ரிசீவர் ஒன்றே மெய், மற்றொரு பெட்டி தோன்றுவது கடைக்காரரின் மாயை என்பது அத்வைதிகள் பட்சம். முன்புறத்து மூன்று ஒலிபெருக்கிகளுக்கு மட்டும் தனிப் பெருக்கி வைத்து, அது ரிசீவருக்குச் சரீரம்போல் அடங்கி நடக்கவேண்டும் என்பர் விசிஷ்டாத்வைதிகள். துவைதிகளோ, பகுத்தறியும் பெட்டியும் உழைக்கும் பெட்டியும் மோட்சத்திலும் ஒன்றாகா என்று சாதித்து, இரண்டையும் வேறு வேறாகவே வாங்குவார்கள். நான் பிறப்பால் முதற் கட்சி, சபலத்தால் இரண்டாவது.

கணக்கைப் பார்ப்போம். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல். கேட்பவருக்கு ஓசை இரட்டித்ததாகத் தோன்றவோ ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும். சாதாரண ஒலிபெருக்கி ஒன்று, ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபெல் தருகிறது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் எல்லை வகுத்திருக்க, பன்னிரண்டடிக்குப் பத்தடியான எங்கள் கூடத்தில் அந்த ஒற்றை வாட்டே அத்துமீறல். விசாலமான கூடமும், மின்னோட்டத்தை அள்ளிக் குடிக்கும் நான்கு ஓம் ஒலிபெருக்கியும் உடையவர்களுக்குத் தனிப் பெருக்கி நியாயமே. எனக்கு அது கடுகளவும் அவசியமில்லை என்பதைச் சந்தேகமற நிரூபித்துவிட்டு, மறுநாளே வாங்கினேன்.

இருபது கிலோ. பூமியையே கொம்பில் ஏந்திய மூர்த்தி கோயில்கொண்ட ஊரில் இதைத் தூக்க இருவர் வேண்டியிருந்தது. சாலைக் கம்போளத்தில் வாங்கிவந்த வயர்களால் இணைத்து விசையைத் தட்டினேன். ‘ம்ம்ம்’ என்றது.

ஆராய்ச்சியின் சாரமான பகுதி இதுதான். இரண்டு முனைப் பிளக்கோடு பிறந்த என் ரிசீவருக்குப் பூமியோடு இருந்த உறவெல்லாம் கேபிள் டி.வி. கம்பியின் வழியாக வந்தது. அந்தக் கம்பியோ தெருவில் எங்கோ ஒரு பூமியைத் தொட்டது. புதிய பெருக்கிக்கு மூன்று முனை. அது எங்கள் கொல்லையில் புதைந்த பூமியைத் தொட்டது. இரண்டு பூமிகளுக்கும் இடையிலிருந்த அற்ப மனஸ்தாபம், சமிக்ஞை வயரின் உறை வழியே ஓடி ஓலமாயிற்று. ஹிரண்யாக்ஷன் ஒளித்த பூமி ஒன்றாக இருந்தபடியால் ஒரு வராகம் போதுமாயிற்று. (மூன்றாவது முனையை வெட்டிவிடும்படி யோசனை சொல்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள், உயிரைக் காப்பது அந்த முனைதான்.)

பெருக்கியை அணைக்காமல் உறங்கிவிட்ட மூன்றாம் நாள் விடியற்காலை, சுவருக்கு அப்பால் சாதகம் செய்யும் மாமி வந்து, “ஆராக்கும் உங்காத்துலே தம்புரா போடறது? அஞ்சு கட்டைக்கு இத்திரி ஏறியிருக்கே!” என்றாள். நான் வெட்கி, கேபிளைக் கழற்றினேன். ஓலம் நின்றது. மறுநாளே மாமி திரும்ப வந்து, அது நல்ல துணையாக இருந்ததென்றும், சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் போட்டால் போதுமென்றும் விண்ணப்பித்தாள்.

மாமியின் செவி பிழைபடவில்லை. ஐந்து கட்டையின் ஷட்ஜம் 196 அதிர்வு. இரண்டு ஸ்தாயி கீழே 49. நம் மின்சாரம் 50. ஆனால் தென்னக மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று தேசியத் தொகுப்போடு இணைந்துவிட்டதால், மாமியின் ஷட்ஜத்துக்காக இமயமலை வரையுள்ள மின்னாக்கிகள் அனைத்தும் நூற்றுக்கு இரண்டு பங்கு மெதுவாகச் சுழலவேண்டும். இதை விளக்கிச் சொன்னேன். கேபிள் கழற்றியபடியே கிடக்கிறது. மாமி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.