தூசுக்கும் கணக்குத் தெரியும்

மின்விசையோடு பத்துப் பேராவது உழைக்குமிடமே தொழிற்சாலை என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வியாக்கியானம் செய்துவிட்டமையால், ஒன்பதே ஆட்களைக் கொண்டு கல்லறுத்த பட்டறையில், அவர்கள் புருவத்திலும் இமையிலும் விபூதியாய்ப் படிந்த சிலிக்காத் தூசானது, தலைகளை எண்ணிப் பார்த்து, சுவாசகோசத்தினுள் பிரவேசியாமல் வாசலிலேயே நின்றிருக்கும் என்று நம்ப நாம் கடமைப்பட்டோம். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில், குழந்தைகள் அரிச்சுவடி எழுதும் சிலேட்டுப் பலப்பத்தை அறுத்தறுத்தே நெஞ்சு கல்லாகிப் போனவர்களுக்கு மட்டும் அந்த நம்பிக்கை வாய்க்கவில்லை.

தொழிலால் வந்த நோயைக் கண்ட வைத்தியர் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுமென்று அதே சட்டத்தின் 89-ஆம் பிரிவு விதித்தது. இருமி வந்தவனுக்குக் காசநோய் என்று சீட்டெழுதிவிட்டாலோ, வைத்தியருக்குக் காகிதமும் மிச்சம், முதலாளிக்கு மானமும் மிச்சம். பதிவேட்டில் நோயாளி இல்லை. ஆகவே தேசம் பூரண சௌக்கியம்!