அந்தக் காலத்தார்

ஊருக்கு ஒருவர் எங்கும் உண்டு. தீர்த்தமலையில் அவருக்கு வசதி கொஞ்சம் அதிகம். மலையேறி இறங்கிய வெளியூர்க்காரர்கள் கால் வலியோடு அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் வந்து சாய்கிறார்கள். எழுந்து ஓடத் தெம்பில்லாத ஆட்கள் கதை கேட்க இப்படி வேறெங்கே கிடைப்பார்கள்? பெயர் எதற்கு, எதைத் தொட்டாலும் ‘அந்தக் காலத்துல...’ என்று தொடங்குகிறவர் என்பதால் அந்தக் காலத்தார் என்றே வைத்துக்கொள்வோம்.

எழுபத்தைந்தை ஒட்டிய வயது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சட்டைப் பையில் மகன் வாங்கித் தந்த செல்போன். அது அடித்தால், “இந்தக் கருமம் வந்துதான் உலகமே கெட்டுச்சு” என்று திட்டியபடியே எடுப்பார். எடுத்தால் அரை மணி நேரம் வைக்கமாட்டார்.

பேச்சைத் தொடங்க அவருக்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. நீங்கள் டீக்குக் காசு நீட்டினால் போதும்.

“ஓரணாவுக்கு நாலு இட்லி, கண்ணு. சட்னிக்குக் கணக்கே கிடையாது.”

போன பொங்கலுக்கு இது மூன்று இட்லியாக இருந்தது. வருகிற பொங்கலுக்குள் ஆறாகிவிடும் என்பது டீக்கடைக்காரரின் கணிப்பு. நாட்டில் அரிசி, பருப்பு, பஸ் கட்டணம் எல்லாம் ஏறிக்கொண்டே இருக்க, இவருடைய பால்யத்தில் மட்டும் விலைவாசி வருடத்துக்கு வருடம் இறங்குகிறது. நிதி அமைச்சர்கள் யாராவது வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கலாம்.

இதில் ஒரு சிக்கல். பதினாறு அணா ரூபாய் போய் நூறு நயா பைசா ரூபாய் வந்தது 1957 ஏப்ரல் 1-இல். அப்போது இவருக்கு ஏழு வயதுகூட நிரம்பியிருக்காது. பழைய காசு அதன்பிறகும் சில வருடம் கைமாறிக்கொண்டிருந்தது என்று தாராளமாகவே விட்டுக்கொடுத்தாலும், இதுவரை இவர் சொல்லியிருக்கிற இட்லிகளையெல்லாம் அந்தச் சில வருடத்துக்குள் அடைத்தால் பையன் பிழைத்திருக்க வாய்ப்பில்லை.

இட்லியாவது பரவாயில்லை. ரயில் கதை இருக்கிறதே! மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கு ஒரு காலத்தில் குறுகிய பாதையில் சின்ன ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் அந்தப் பாதையை மூடித் தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். அந்த ரயிலிலிருந்து ஓடும்போதே இறங்கி, இலந்தைப்பழம் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு, நிதானமாக நடந்து போய் மறுபடி ஏறிக்கொண்டதாக இவர் சொல்கிறார். பிறப்பதற்குப் பல வருடம் முன்பே! உண்மையில் ஏறி இறங்கியவர் இவருடைய அப்பாவாக இருக்கவேண்டும். அப்பாவின் மேட்டுக்காடு மகன் பேருக்கு வருவதுபோல அப்பாவின் ரயிலும் வந்து சேர்ந்திருக்கிறது, பத்திரம்தான் பதியவில்லை.

இன்னும் பின்னால் போகச் சொன்னாலும் போவார். இராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைத்தது, கங்கை நீர் கொண்டுவரப் போன அனுமார் நேரத்துக்கு வராதது, இராமர் பாறையில் அம்பு விட்டுத் தீர்த்தம் வரவழைத்தது, தாமதமாக வந்த அனுமார் கோபத்தில் வீசியெறிந்த நீர் தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமந்த தீர்த்தமானது, எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் தோரணையில்தான் சொல்வார். மேலே தீர்த்தகிரீசுவரர் கோயிலை ஒட்டிக் குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என்று மற்ற தீர்த்தங்களும் இருக்கின்றன. ஆனால் இவருக்குப் பிடித்தது அனுமார் பகுதிதான். அரூர் பஸ் தாமதமானால், “வரட்டும்பா, இந்த ஊருல லேட்டா வந்தவருக்கே ஒரு தீர்த்தம் கெடைச்சிருக்கு” என்பார். அவர் சொன்னதிலேயே உருப்படியானது இது ஒன்று என்பேன்.

சேலம் ஜில்லாவில் பிறந்தவர் என்பதில் அவருக்குப் பெருமை. ஊரை விட்டு எங்கும் போனதில்லை. 1965 அக்டோபர் 2-இல் தர்மபுரி தனி மாவட்டமானபோது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஜில்லா மாறினார். கடிதம் எழுதினால் இன்னமும் சேலம் ஜில்லா என்றுதான் போடுவாராம். இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள், அதனால் தபால்காரர் தப்பித்தார்.

அடுத்தது சாப்பாடு. “எல்லாம் நம்ம மண்ணுல வெளைஞ்சது. ஒரு மருந்து கெடையாது, மாத்திரை கெடையாது” என்று ஆரம்பிப்பார். ஆனால் அவர் நாக்கில் நீர் ஊறுவது எதைச் சொல்லும்போது தெரியுமா? பள்ளிக்கூடத்துப் பால்பவுடர். காமராஜர் 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1960-களில் ‘கேர்’ அமைப்பின் மூலம் அமெரிக்காவிலிருந்து பால்பவுடரும் கோதுமையும் வந்து சேர்ந்தன. பால்பவுடரைத் தண்ணீரில் கரைக்க விடாமல் உள்ளங்கையில் கொட்டி நக்கி, அது மேல்வாயில் ஒட்டிக்கொண்டதை இவர் விவரிக்கும்போது முகம் குழந்தையாகிவிடும். கடல் தாண்டி வந்த அந்த மாவும் எப்படியோ நம்ம மண்ணில் விளைந்த கணக்கில் சேர்ந்துவிட்டது.

ராகிக் களியோ வேறு மாதிரி. இப்போது சர்க்கரை வியாதிக்கு டாக்டர் சொல்லித்தான் சாப்பிடுகிறார், ஆனால் விரும்பிச் சாப்பிடுவதாகச் சொல்லிக்கொள்கிறார். “களியைத் தின்னுட்டுத்தான் நாங்க கல்லை உடைச்சோம். இப்ப இருக்கிற பசங்களுக்கு நூடுல்ஸ்!” இந்த வட்டாரம் மானாவாரி பூமி. வீட்டில் களியும் கூழும் இருந்தது அதனால்தான். நெல்லுச்சோறு பண்டிகைக்கு, இல்லையென்றால் காய்ச்சல் வந்தவருக்கு. சோறு தின்பதற்காகவே காய்ச்சல் வரவழைத்துக்கொண்ட பிள்ளைகளில் இவரும் ஒருவர் என்று ஒரு சாட்சி சொல்கிறது.

அந்தச் சாட்சி அவருடைய அக்கா. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அமாவாசைக்கு மலைக்கு வந்தால் கடைப் பக்கம் எட்டிப்பார்ப்பார். வெற்றிலையை மடித்து வாயில் வைக்கும்வரை தம்பியைப் பேச விடுவார். பிறகு அவர் முறை.

“ஏண்டா, நீ என்னைக்குடா களி கிண்டுன? கோழி கூவறதுக்கு முன்னால எந்திரிச்சுத் திருகையில ராகி அரைச்சது யாரு? உன்னை மடியில போட்டுக்கிட்டே அரைச்சேன். மாவுலயே ஒண்ணுக்குப் போனவன்தான நீ!”

“அக்கா, நீ சும்மா இரு. வெளியூர்க்காரங்க உக்காந்திருக்காங்க.”

“இருக்கட்டும், நல்லாக் கேக்கட்டும். கிணத்துல மேல இருந்து குதிச்சேன், அடியில மண்ணை எடுத்தேன்னு சொல்றியே, அந்தக் கிணத்துலதானடா நான் தண்ணி சேந்துனேன்? நீ கலக்கிவிட்ட சேறு எறங்கட்டும்னு கொடத்தை வெச்சுக்கிட்டு வெயில்ல நிப்பேன். பள்ளிக்கூடத்து வாசலை நான் மிதிச்சது ஒரே ஒரு வாட்டி. இவன் மறந்துட்டுப் போன சிலேட்டைக் குடுக்கப் போனேன்.”

எல்லோரும் சிரித்தோம். பால்யம் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோமே, அதையெல்லாம் புரட்டிப் பாருங்கள். கிணற்றில் குதித்தவர்கள் எழுதியதுதான் ஏராளம். சேந்தியவர்களுக்கு எழுத நேரமும் இல்லை, சிலேட்டும் இல்லை.

கூட இருந்த ஒரு பெண் அந்த அம்மாவிடம், “அந்தக் காலம் நல்ல காலமாங்க ஆயா?” என்று கேட்டாள்.

“ஊருக்கு மாவு மிஷின் வந்துச்சு பாரு, அன்னைக்குத்தான் கண்ணு எனக்கு நல்ல காலம் பொறந்துச்சு. அப்புறம் கவர்மெண்டுல கிரைண்டரும் மிக்சியும் குடுத்தாங்களே, அப்ப.” 2011-இல் தொடங்கிய விலையில்லாப் பொருள்கள் திட்டத்தைச் சொல்கிறார். “இவனுக்கு என்ன, சும்மா சொல்லிக்கிட்டுத் திரிவான். எனக்குக் கையைத் தூக்கினாத் தோள்பட்டை வலிக்குது, அதுதான் அந்தக் காலம்.” வெற்றிலையைத் துப்பிவிட்டு பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் காலத்தார் அன்று அதற்குமேல் பேசவில்லை. தோற்றுவிட்டார், இனி அடங்கிவிடுவார் என்றுதான் பெஞ்சில் இருந்த எல்லோரும் நினைத்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஒரு குடும்பம் மலையிறங்கி வந்து உட்கார்ந்தது. வழக்கம்போல ஓரணாவில் ஆரம்பித்து, ரயிலில் ஏறி இறங்கி, களிக்கு வந்தார்.

“கோழி கூவறதுக்கு முன்னால எந்திரிச்சு, இந்தக் கையாலதான் கண்ணு திருகை சுத்துவேன். தோள்பட்டை இன்னும் வலிக்குது.”

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “தாத்தா, அது உங்க அக்கா.”

“யாரு சுத்துனா என்னடா? தின்னவன் நான். ருசி எனக்குத்தான தெரியும்?” என்றார் அந்தக் காலத்தார்.