மொதப் பாட்டுக்கு மொய் எழுதுறவங்க

என்னடா பேராண்டி, அம்மாமண்டபத்துப் படித்துறையில உக்காந்துக்கிட்டு ஆத்தைப் பாக்காம போனைப் பாத்துக்கிட்டிருக்க? ஆல்பம் வந்து மூணு நாளாச்சு, ஊரு இன்னும் பூமாலையோட வரலையேன்னு விசனமா? இதுவரைக்கும் கேட்டதுல பாதி உங்கம்மா வழிச் சொந்தம், மீதி ஒங் காலேஜு பயலுவ. அதுக்குப் பேரு வரவேற்பு இல்லடா, மொய். அவனவன் வீட்டு விசேஷத்துக்கு நீ திருப்பிச் செய்யணும், நோட்டுல எழுதி வச்சுக்க.

மொத முயற்சியிலயே கொடி நாட்டணுமாம்! நம்ம தியாகராஜ பாகவதர் நாட்டுனாரே, அந்த மாதிரியா? மாயவரத்துல பொறந்தாலும் மனுசன் திருச்சிக்காரரு. 1934ல 'பவளக்கொடி', அவருக்கு மொதப் படம். டைரக்டர் கே. சுப்பிரமணியத்துக்கும் அதான் மொதப் படம். பாபநாசம் சிவன் பாட்டு, அம்பது இருக்குமாம். நீ ஆறு பாட்டுக்கே இஞ்சிக் கஷாயம் கேட்ட. பின்னணிப் பாட்டெல்லாம் அப்ப ஏது? நடிக்கிறவரே காமிரா முன்னாடி நின்னு பாடணும். அடையாத்துல வெட்டவெளியில வெயில்ல எடுத்தாங்க, காக்கா கத்துச்சாம், அதை வெரட்டத் துப்பாக்கியோட ஒரு ஆளையே போட்டாங்களாம். ஒனக்கு ஏசி ரூமு, காக்காவும் கெடையாது, அப்பவும் சுருதி வெளிநடப்பு பண்ணுது.

படம் ஓடுச்சு, பிச்சுக்கிட்டு ஓடுச்சு. ஆனா அது மொதல்தடவைன்னு எவன் சொன்னான்? பத்து வயசுலயே இந்தத் திருச்சியில, ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேச ஐயரோட ரசிக ரஞ்சன சபாவுல, அரிச்சந்திரன் நாடகத்து லோகிதாசனா மேடை ஏறிட்டாரு. 'பவளக்கொடி'யையே அவரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் ஊரூரா நாடகமா ஆடித் தேய்ச்சு வச்சிருந்தாங்க. நீ குளியலறையில இருந்து நேரா ஸ்டுடியோவுக்குப் போன பய.

"விமர்சகர் ஒருத்தர் நல்லா எழுதியிருக்காரு தாத்தா"ங்குற. எழுதட்டும், எழுதட்டும். எம்.ஐ.ஏ.ங்குற மாயா அருள்பிரகாசம், லண்டன்ல பொறந்து யாழ்ப்பாணத்துல கொஞ்ச காலம் வளந்த பொண்ணு. 2005ல மொத ஆல்பத்துக்கு அப்பனோட இயக்கப் பேரையே வச்சா, 'அருளர்'னு. (நீ ஒங்கப்பன் பேரை இனிஷியலாக் கூடப் போடல.) எழுதுறவங்க தலைமேல தூக்கி வச்சு ஆடுனாங்க, மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியல்லயும் வந்துச்சு. காசு குடுத்து வாங்குறவன்? இங்கிலாந்துல 98ஆம் எடத்துக்கு மேல ஏறல, அமெரிக்காவுல 190. அவ அதுக்காகப் படித்துறையில உக்காரல. ரெண்டாவது ஆல்பத்துல இருந்த 'பேப்பர் பிளேன்ஸ்' 2008ல அமெரிக்காவுல நாலாம் எடம் வந்துச்சு. என்ன முழிக்கிற? ஒங்க அக்கா மக சொல்லித் தந்தா.

சனம் கொண்டாடுனா மட்டும் நெலைச்சிருமா? பாகவதரோட 'ஹரிதாஸ்' மூணு தீவாளி பாத்த படம். அது வந்த 1944லயே கொலை வழக்குல புடிச்சுட்டுப் போயிட்டாங்க. 1947ல விடுதலையாகி வந்து மறு வருசம் 'ராஜமுக்தி' குடுத்தாரு. அதே குரலுதான். கொட்டகை காலி.

சரி, மொகத்தைத் தொங்கப் போடாத. ஒங் கேசு அவ்ளோ பெருசு இல்ல, விழுறதுக்கு நீ இன்னும் ஏறவே இல்லையே. ஒங்க ஆல்பத்தை நானும் முழுசாக் கேட்டேன்டா, மூணாவது பாட்டுல டிரம்ஸுக்காரன் நல்லாப் பாடியிருக்கான். அடுத்ததுல ஒனக்கும் ஒரு வரி குடுக்கச் சொல்லு.