பாவு யாருடையது?

கேள்வி: விண்டோஸ், மேக் இரண்டில் எது எதைக் காப்பியடித்தது?
– வாசகர், சோமனூர்

பதில்: தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்த கேள்வி! பாவும் ஊடையும் எல்லாருக்கும் பொது. சண்டை வருவது டிசைனில்தானே?

மேக்கின் திரைத்தோற்றத்தை விண்டோஸுக்காகத் திருடியதாக மைக்ரோசாஃப்ட் மீது ஆப்பிள் 1988-இல் வழக்குப் போட்டது. ஆனால் ஜன்னலும் மவுஸும் 1970-களிலேயே ஜெராக்ஸின் ஆல்டோ கணினியில் ஓடியவை. அந்த ஜெராக்ஸ் 1989-இல் ஆப்பிள் மீதே வழக்குத் தொடுத்தது! விண்டோஸில் இருந்த பெரும்பாலான அம்சங்களுக்கு 1985 ஒப்பந்தத்தில் ஆப்பிளே உரிமம் கொடுத்திருந்தது. வழக்கில் தோற்ற ஆப்பிள், 1994-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு புகார் உண்டு. சென்னை ஐஐடியில் வளர்ந்த பாரோஸ் என்ற கைபேசி இயங்குதளம் 2023-இல் வந்ததும், ஆண்ட்ராய்டின் நகல் என்றார்கள். அது திருட்டல்ல. ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல், யார் வேண்டுமானாலும் நெய்துகொள்ளக் கொடுத்த பாவு. ஆண்ட்ராய்டே லினக்ஸ் கருவின் மேல் நெய்ததுதான்.